எல் போர்டைக் கழற்றிய நாள்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் காஜா மாஸ்டர் முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"ஓட்டப் பழகி எங்க போகணும்?"

மகளைக் காலேஜில் விடணும் என்பார்கள். அப்பாவை வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகணும் என்பார்கள். துபாய் போகணும் என்பவர்களும் உண்டு.

ஜெயக்கொடி சொன்னது வேறு.

"எங்கயும் போக வேண்டாம் மாஸ்டர். லைசென்ஸ் வாங்குறது எவ்வளவு கஷ்டம்னு பாக்கணும்."

மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண். கழுத்தில் ஒன்றும் இல்லை.

"நாளைக்குக் காலைல வாங்கம்மா" என்றார்.

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன டவுன் அது. ஜெயக்கொடி அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். பிள்ளைகள் இல்லை. கணவர் லிங்கதுரை பஞ்சு மில்லில் எலக்ட்ரீஷியன். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்தபோது ஒரு கார் அவரை அடித்துவிட்டது.

ஓட்டி வந்தவர் குடித்திருக்கவில்லை. ஓடிப் போகவும் இல்லை. அவரே லிங்கதுரையைத் தூக்கித் தன் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வழியிலேயே உயிர் போய்விட்டது. போலீஸ் கேட்டபோது, "கவனிக்கலை சார்" என்றார். 

அதற்குப் பிறகு ஜெயக்கொடிக்கு வீடு பெரிதாகிவிட்டது. ஒருத்திக்கு அளவாகச் சமைக்கக் கை பழகவில்லை. வேலை முடிந்து வந்ததும் டிவியைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். ஏதாவது சத்தம் வேண்டும், அவ்வளவுதான். பகலில் யார் யாருடைய கையையோ பிடித்து நரம்பு தேடுவாள். அவள் மனிதர்களைத் தொடுவது இப்போது அந்த நேரத்தில் மட்டும்தான்.

ஒருநாள் காலையில் மார்க்கெட் முக்கில் ரோட்டைக் கடக்க நின்றிருந்தாள். வந்த கார் ஒன்று அவளுக்காக நின்றது. உள்ளே இருந்தவர், போங்க என்று கையைக் காட்டினார்.

அவர்தான்.

அவருக்கு அவளைத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டிருந்த கூட்டத்தில் எந்த முகத்தை அவர் பார்த்திருப்பார்? மறுபடியும் கையைக் காட்டினார். அவளுக்குக் கால் எழவில்லை. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். காரில் இருந்தவர் தலையை ஆட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டிப் போய்விட்டார்.

அவர் எப்படி மறுபடியும் ஓட்டலாம் என்று வக்கீலிடம் போய்க் கேட்டாள். லைசென்ஸைச் சில மாதம் முடக்கி வைத்திருந்தார்கள், கெடு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், கேஸ் தனியாக நடக்கிறது என்றார் வக்கீல். சட்டம் அப்படித்தான் என்றார்.

அடுத்த நாள்தான் அவள் காஜா மாஸ்டரைத் தேடி வந்தாள்.

மாஸ்டர் அதிகம் பேச மாட்டார். அவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. வண்டி தடுமாறினால் திட்டுவதில்லை. காலை வைப்பார், வண்டி நிற்கும். "திரும்ப எடுங்கம்மா" என்பார்.

கொஞ்ச நாளில் ஜெயக்கொடி தன் கதையைச் சொன்னாள். கியர் மாற்றிக்கொண்டே, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மாஸ்டர் கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஒரு உயிரை எடுத்தவருக்கு எப்படி மாஸ்டர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாங்க?"

"அவங்க கையில இருந்தது கார்டுதான். அதைத்தான் கொடுக்க முடியும்."

"நீங்களா இருந்தா?"

"இடது பக்கம் இண்டிகேட்டர் போடுங்க" என்றார் மாஸ்டர்.

வீட்டுக்குப் போனதும் அந்தப் பதில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் மறுநாள் போனாள். போகாவிட்டால் அந்தக் காலை நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

டெஸ்ட் நாள் வந்தது. ஒரு பொட்டல் மைதானம். வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஜெயக்கொடிக்கு முந்தின இரவு தூக்கமில்லை. எடுக்கும்போதே வண்டி ஆஃப் ஆகிவிட்டது. திரும்ப எடுத்தாள். நட்டு வைத்த கம்புகளைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். கொஞ்சம் ரிவர்ஸ் வந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அதிகாரி அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. இறங்குங்க."

கார்டு தபாலில் வந்தது. அதை வாங்கிக்கொண்டு நேராக மாஸ்டரின் ஆபீசுக்குப் போனாள். மேஜை மேல் வைத்தாள். போட்டோவில் அவள் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பவள் போல இருந்தாள்.

"நான் மழையில ஓட்டினதில்ல. இருட்டுல ஓட்டினதில்ல. ஒரு லாரியைக்கூட இன்னும் முந்தினதில்ல. கொடுத்துட்டாங்க மாஸ்டர்."

"ஆமா."

"இவ்வளவு சுலபமா இருக்கலாமா?"

"கூடாதுதான்."

"வாங்குறதும் சுலபம். பறிகொடுத்தா திரும்பக் கிடைக்கிறதும் சுலபம். அப்போ எங்க வீட்டுக்காரர் உயிருக்கு என்ன மாஸ்டர் மதிப்பு?" கார்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "எதுதான் லைசென்ஸ்? நீங்க இத்தனை பேருக்குச் சொல்லித் தர்றீங்க. உங்களுக்குத் தெரியுமில்ல? சொல்லுங்க."

மாஸ்டர் எழுந்து வெளியே போனார். காரின் முன்னும் பின்னும் இருந்த எல் போர்டுகளைக் கழற்றினார். பின் கதவைத் திறந்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"வண்டியை எடுங்கம்மா."

"மாஸ்டர், முன்னால உட்காரலையா?"

"இல்ல."

"பிரேக்?"

"உங்க காலுக்குக் கீழ இருக்கு."

பக்கத்து சீட் காலியாக இருந்தது. ஜெயக்கொடி அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, கையிலிருந்த கார்டை டாஷ்போர்டில் போட்டுச் சாவியைத் திருப்பினாள்.

டவுனைத் தாண்டியதும் குளத்துக்கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் தாழ்வாக வயல். எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் ஒட்டி ஒட்டிப் போகிற அகலம்தான். வளைவு திரும்பியதும் முன்னால் ஒரு சைக்கிள் தெரிந்தது. வயதானவர். கேரியரில் இரண்டு பக்கமும் பிதுங்குகிற புல்லுக்கட்டு. மிதிக்க மிதிக்க சைக்கிள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது.

எதிரே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. ஜெயக்கொடி இரண்டாவது கியருக்கு வந்தாள். பின்னால் ஒரு வேன் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது.

"முந்தலாமா மாஸ்டர்?"

உள் கண்ணாடியில் தெரிந்த மாஸ்டர் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன் விடாமல் அடித்தது. அவள் உள்ளங்கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. கொஞ்சம் வலதுபுறம் ஒடித்தாள். எதிரே ஒரு பஸ். மறுபடியும் உள்ளே வந்தாள். பெரியவர் எதையும் கண்டுகொள்ளாமல் ரோட்டின் நடுவை நோக்கி வந்தார்.

"சனியன், ஓரமாப் போய்த் தொலைஞ்சா என்ன?"

சொன்னது அவள்தான். சத்தமாகச் சொல்லியிருந்தாள். கால் ஆக்ஸிலரேட்டரில் அழுந்தியிருந்தது. புல்லுக்கட்டு கண்ணாடிக்கு அருகில், மிக அருகில் வந்திருந்தது. ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிந்தது.

பிரேக்கை மிதித்தாள்.

வண்டி குலுங்கி ஆஃப் ஆனது. சைக்கிள் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேன் உரசுவது போலப் பக்கத்தில் வந்தது. டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார். "யாரும்மா உனக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தது?" எதிர் வண்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவில் நுழைந்து பறந்துவிட்டார்.

ஜெயக்கொடி மறுபடியும் வண்டியை எடுத்தாள். முதல் கியரிலேயே பெரியவருக்குப் பின்னால் போனாள். பின்னால் வரிசை சேர்ந்தது. எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அவள் ஹாரனைத் தொடவில்லை. கரை முழுக்க அப்படியே ஊர்ந்தாள். கரை முடிகிற இடத்தில் பெரியவர் இறங்கினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு மண் பாதையில் திரும்பினார். பாதையின் கோடியில் ஓட்டு வீடு ஒன்று. வாசலில் மாடு ஒன்று புல்லைப் பார்த்துக் குரல் கொடுத்தது.

ஜெயக்கொடி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுதாள். மாஸ்டர் பின் சீட்டிலேயே இருந்தார்.

"நான் அவரைச் சனியன்னு சொன்னேன் மாஸ்டர்."

"கேட்டுச்சு."

"அவர் முகத்தைக்கூட நான் பாக்கல."

மாஸ்டர் தண்ணீர் பாட்டிலை முன்னால் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். டாஷ்போர்டில் கிடந்த கார்டை எடுத்துப் பார்த்துவிட்டு, மடியில் போட்டுக்கொண்டாள்.

"இந்த டெஸ்ட்ல நான் பாஸா மாஸ்டர்?"

மாஸ்டர் கண்ணாடி வழியே மண் பாதையைப் பார்த்தார். பெரியவர் புல்லுக்கட்டை அவிழ்த்து மாட்டுக்கு முன்னால் உதறிக்கொண்டிருந்தார்.

"அவர் வீடு சேர்ந்துட்டார். இன்னைக்குப் பாஸ்."

ஜெயக்கொடி சாவியில் கையை வைத்தாள்.

"நாளைக்கு?"

"நாளைக்கு ரோட்டுல வேற ஒருத்தர் வருவார்."