காத்தாயி நாடு பார்க்கப் போன கதை

மருதங்குளத்தின் நடுவில் ஒரு கோரைத் திட்டு. அதில் காத்தாயி என்ற நீலத் தாழைக்கோழி குடியிருந்தது. நீல உடம்பு, சிவந்த அலகு, நீண்ட கால். வாய் அந்தக் காலைவிட நீளம்.

குளம் முழுக்கக் கோரை மண்டிக் கிடந்தாலும் நடுத்திட்டுக்கு நிகர் கிடையாது. சித்திரை வெயிலில் குளம் வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும். அப்போதும் நடுத்திட்டைச் சுற்றி முழங்கால் தண்ணீர் நிற்கும். நரி அங்கே கால் வைக்காது. இட்ட முட்டை பிழைக்கும்.

அந்த இடம் காத்தாயிக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. முதல் வருஷம் கரையோரம் கூடு கட்டி, ஐந்து முட்டையையும் நரிக்குப் பறிகொடுத்தது. மறு வருஷம் மடைப்பக்கம் கட்டியது. அந்த முட்டைகள் கீரிக்குப் போயின. மூன்றாம் வருஷம் கத்தியது, கொத்தியது, பேரம் பேசியது. நடுத்திட்டைப் பிடித்தது. அன்றிலிருந்து குளத்தில் யாராவது அந்தப் பக்கம் தலையை நீட்டினால் போதும்.

"யாருடா அது, என் வாசல்ல? கண்ணு தெரியலையா? கழுத்தைத் திருகிடுவேன்!"

சத்தம் மதகு வரை கேட்கும். தவளைகள்கூடப் பாட்டை நிறுத்திவிடும்.

குளத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு திட்டின் சொந்தக்காரர் தொடர்ந்து மூன்று அந்தி தன் திட்டில் நிற்காவிட்டால், அங்கே அப்போது யார் இருக்கிறார்களோ அவர்களுக்கே அது சொந்தம். இதற்குச் சாட்சி நாரையார். கரையிலுள்ள கருவேல மரத்தில் ஒற்றைக் காலில் நின்று தினமும் அந்தியில் எல்லாத் திட்டையும் ஒரு பார்வை பார்ப்பார்.

கார்த்திகை பிறந்தால் வடநாட்டுக் கிளுவை வாத்துகள் வந்து இறங்கும். பங்குனியில் திரும்பிப் போகும். அவை ஓரமாக மேய்ந்துகொண்டு எந்நேரமும் நாடுகளைப் பற்றித்தான் பேசும்.

"கண்ணுக்கு அழகுன்னா மங்கோலியாதான்! புல்வெளி ஆரம்பிச்சா முடியவே முடியாது!"

"போடா! கசகஸ்தான் ஏரியைப் பார்த்தவன் இதைச் சொல்லமாட்டான்!"

"சாப்பாடுன்னா தமிழ்நாடுதான். அதை ஒத்துக்கணும்!"

ஒருநாள் ஒரு கிளுவை காத்தாயியைப் பார்த்து, "நீங்க எந்த எந்த ஊரெல்லாம் பார்த்திருக்கீங்க?" என்று கேட்டது.

"மடைக்கு அந்தப் பக்கம் போயிருக்கேன்" என்றது காத்தாயி.

கிளுவைகள் சிரித்தன. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் காத்தாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரையே அதட்டுகிறவள், ஒரு ஊர் பேரைச் சொல்ல வழியில்லாமல் நிற்பதா?

இதைப் பக்கத்துத் தண்ணீரில் மிதந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது வெள்ளையப்பன். அது ஒரு நாமக்கோழி. கறுத்த உடம்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை. பேச்சில் தேன் சொட்டும். நடுத்திட்டின்மேல் அதற்கு நாலு வருஷத்து ஆசை.

"என்னக்கா இது!" என்று அருகில் வந்தது. "உங்க அறிவுக்கும் வாய்க்கும் இந்தக் குட்டையில கிடக்கணுமா? நீங்க கசகஸ்தான் போனா அங்க இருக்கிறவன் எழுந்து நின்னு இடம் கொடுப்பான்!"

அன்றைக்கு மாலை காத்தாயி வெகுநேரம் வடக்குத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கிளுவைகளின் தலைவர் நெடுஞ்சிறகனிடம் போனது.

"நானும் வர்றேன். என்ன செய்யணும்?"

நெடுஞ்சிறகன் அமைதியான பறவை. குளத்தில் அது உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. "ரெண்டு மாசம் நல்லாத் தின்னணும்மா. உடம்புல கொழுப்பு ஏறணும். ரெண்டு மாசமும் தினம் பறந்து பழகணும்" என்றது.

"ரெண்டு மாசமா? யார்கிட்டப் பேசுறீங்க? பத்து நாள்!"

"அம்மா, நடுவுல மலை இருக்கு. அது நான் வெச்ச விலை இல்லை. மலை வெச்ச விலை."

"மலைகிட்ட நான் பேசிக்கிறேன்! பதினஞ்சு நாள். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது!"

நெடுஞ்சிறகன் விருந்தாளி. வீட்டுக்காரியோடு மல்லுக்கு நிற்பது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்துவிட்டது. காத்தாயியோ நாற்பத்தைந்து நாளை மிச்சம் பிடித்துவிட்டதாகத் துள்ளிக்கொண்டு திரும்பியது.

அடுத்து வெள்ளையப்பனைக் கூப்பிட்டது.

"டேய், நான் திரும்பி வர்ற வரைக்கும் என் பேர்ல நீ திட்டுல இரு. நீ இருந்தா நான் இருந்த மாதிரி. ஆனா நடுக்குருத்தைத் தொடக்கூடாது!"

"சரிக்கா."

"நத்தையில பாதி எனக்கு விட்டுவைக்கணும்!"

"முழுசும் உங்களுக்கே அக்கா."

"மழை வந்தா வரப்பை நீயே கட்டணும்!"

"நீங்க சொல்லணுமா?"

இப்படி ஒரு பேரம் காத்தாயி வாழ்நாளில் முடித்ததில்லை. கேட்டது அத்தனையும் கிடைத்தது! அந்தப் பூரிப்பில் நாரையாரைச் சாட்சிக்குக் கூப்பிடவும் மறந்துபோனது.

பங்குனியில் ஒரு விடியலில் கிளுவைகள் கிளம்பின. பதினைந்தே நாள் பழகிய காத்தாயியும் கூடவே கிளம்பியது.

முதல் ஐந்து கல் தொலைவு சுகமாகப் போனது. பத்தாவது கல்லில் மூச்சு வாங்கியது. பதினைந்தாவது கல்லில் கால் இரண்டும் ஈரத்துணி மாதிரி தொங்கின. இருபதாவது கல்லில், நல்லவேளையாக, பெருங்கரை ஏரி வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். மற்றவர்கள் இறங்கினார்கள், காத்தாயி விழுந்தது. மருதங்குளத்தில் முதல் அந்தி அப்போது சாய்ந்துகொண்டிருந்தது.

விடிந்ததும் கண்ணைத் திறந்து பார்த்தது. அடேயப்பா! அக்கரை தெரியாத தண்ணீர். தாமரை பூத்துக் கிடந்தது. நத்தை ஒவ்வொன்றும் மருதங்குளத்து நத்தையைப்போல் இரண்டு மடங்கு. காத்தாயி ஒரு கோரைக் குருத்தை ஒடித்துக் காலில் பிடித்து வாயருகே கொண்டுபோனது.

"ஏய், யாரு நீ?"

திரும்பினால், அந்த ஏரியின் தாழைக்கோழி ஒன்று. காத்தாயியில் பாதிகூட இருக்காது.

"மருதங்குளம்" என்றது காத்தாயி.

"எந்தக் குளமா இருந்தா என்ன? இது எங்க இடம். அந்த ஓரமாப் போய் நில்லு!"

காத்தாயி அலகைத் திறந்தது. மருதங்குளமாக இருந்தால் ஐம்பது வசவு வரிசை கட்டி வந்திருக்கும். சுற்றிப் பார்த்தது. பத்து முகம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு முகமும் தெரிந்த முகம் இல்லை. கத்தினால், 'யாரோ பைத்தியம், எங்கிருந்தோ வந்திருக்கு' என்பார்கள். அடித்தால் கேட்க ஆளில்லை.

"சரிங்க" என்றது காத்தாயி.

பிறந்ததிலிருந்து அது சொல்லாத வார்த்தை. தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது. குருத்தைக் கீழே போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றது.

உச்சி வேளையில் நெடுஞ்சிறகன் வந்தது. "என்னம்மா, ஏரி பிடிக்கலையா?"

"ஏரிக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணி நல்லா இருக்கு, நத்தை நல்லா இருக்கு. நான்தான் இங்க நல்லா இல்லை. என்னை ஒருத்தி ஓரமாப் போன்னுட்டா. நானும் சரிங்கன்னுட்டேன். நான்! காத்தாயி!"

நெடுஞ்சிறகன் சிரித்தது. "எங்க ஊர்ல நான் போடுற சத்தத்தை நீங்க கேட்டதில்லையே. என் குரல் கேட்டா வல்லூறே சுத்திக்கிட்டுப் போகும்."

"நீங்களா? வாயே திறக்கமாட்டீங்களே!"

"உங்க குளத்துல நாலஞ்சு மாசம் ஓரமா மேயுறேனே, அது என் குணம்னு நினைச்சீங்களா? அது விருந்தாளி குணம்மா. பத்து நாட்டுல மேய்வோம். பத்தும் பிடிக்கும். ஒரு நாட்டுலதான் முட்டையிடுவோம்."

காத்தாயி மருதங்குளம் இருக்கும் தெற்குத் திசையைத் திரும்பிப் பார்த்தது.

"ஆமா, உங்க திட்டை யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டது நெடுஞ்சிறகன்.

"வெள்ளையப்பன்கிட்ட. நான் சொன்னதுக்கெல்லாம் சரின்னான்."

"எல்லாத்துக்குமா? ஒண்ணுக்குக்கூட மறுத்துப் பேசலையா?"

காத்தாயியின் கழுத்து இறகு சிலிர்த்துக்கொண்டது. எத்தனை பேரம் பார்த்திருக்கிறது! எத்தனை அடிபட்டிருக்கிறது! கொடுக்க நினைக்கிறவன்தான் குறைத்துப் பேசுவான். கொடுக்கிற எண்ணமே இல்லாதவன் எதற்கும் தலையாட்டுவான். இது அதற்குத் தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"ஐயோ! என் திட்டு!"

"நாங்க நாளைக்கு மலையைப் பார்த்துக் கிளம்புறோம்..."

"நீங்க கிளம்புங்க சாமி! கார்த்திகையில வாங்க, நடுவுலயே மேயலாம். நான் சொல்றேன், எவன் தடுக்கிறான்னு பார்ப்போம்!"

காத்தாயி திரும்பிப் பறந்தது. கொஞ்சம் பறந்தது, கொஞ்சம் நடந்தது. வயலில் விழுந்தது, எழுந்தது. இரண்டாம் அந்தி ஒரு கரும்புக் கொல்லையில் சாய்ந்தது. மூன்றாம் நாள் இறகில் சேறு அப்பிக்கொள்ள, வாய்க்கால் வழியாக ஓட்டமும் நடையுமாக வந்தது. மருதங்குளத்துக் கரையில் ஏறும்போது வெயில் பனைமர உச்சியில் இருந்தது.

நடுத்திட்டில் வெள்ளையப்பன் உட்கார்ந்திருந்தது. கூட்டுக்குக் கோரைத் தாள்கூடப் பரப்பியாகிவிட்டது.

காத்தாயியைக் கண்டதும் வெள்ளையப்பனுக்கு உயிரே போய்விட்டது. ஆனாலும் முகம் மாறவில்லை.

"அடடே, அக்கா! வாங்க வாங்க! எல்லாரும் ஓடி வாங்க, அக்கா வெளிநாடு போய் வந்திருக்காங்க! அக்கா, அலுப்பா இருப்பீங்க. கரையிலேயே உட்காருங்க. நத்தை கொண்டாரச் சொல்றேன். முதல்ல பார்த்த நாட்டையெல்லாம் சொல்லுங்க!"

உள்ளான் குருவிகள் ஓடி வந்தன. கொக்குகள் வந்தன. தவளைகள் வரிசையாக உட்கார்ந்தன.

"அக்கா, எந்த நாடு அக்கா நல்ல நாடு?"

"மங்கோலியா பார்த்தீங்களா?"

"மலை எவ்வளவு உயரம் அக்கா?"

காத்தாயி நின்றது. இந்தக் கூட்டத்துக்காகத்தானே கிளம்பியது! இப்படி வாய் பிளந்து கேட்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டது! மலை உயரம் என்று ஒன்றை அள்ளிவிட்டாலும் இங்கே யாருக்குத் தெரியப்போகிறது? முன்னால் கொழுத்த நத்தை ஒன்று வந்து விழுந்தது. கால் வலித்தது. உட்காரச் சொன்னது.

"உட்காருங்கக்கா" என்றது வெள்ளையப்பன், ஓரக்கண்ணால் வெயிலைப் பார்த்துக்கொண்டே. "நீங்க எங்க விருந்தாளி."

விருந்தாளி!

அந்த ஒரு சொல்லில் தொண்டையில் நின்ற முள் வெளியே வந்தது.

"யாருடா விருந்தாளி? என் வீட்டு வாசல்ல என்னையே உட்காருங்கிறியா? நெத்தியில பட்டையைப் பாரு, நினைப்பைப் பாரு! ரெண்டு வருஷம் முட்டையைப் பறிகொடுத்துப் பிடிச்ச இடம்டா அது! காவலுக்கு வெச்சவன் கூடு கட்டுவானாடா? எழுந்திரு! எழுந்திருன்னேன்! இல்லேன்னா உன் வெள்ளையைக் கொத்திக் கறுப்பாக்கிடுவேன்!"

கத்திக்கொண்டே தண்ணீரில் பாய்ந்தது. சத்தம் மதகில் மோதித் திரும்பியது. தவளைகள் தொப்பு தொப்பென்று குதித்து மறைந்தன. காத்தாயி திட்டில் கால் வைத்தபோது பனைமரத்துக்குப் பின்னால் சூரியனின் ஒரு விளிம்பு மீதி இருந்தது.

வெள்ளையப்பன் கருவேல மரத்தைப் பார்த்துக் கூவியது. "நாரையாரே! இவங்க வெளிநாடு போறேன்னு சொல்லிப் போனவங்க! இந்தக் குளத்துக்கு அந்நியம் ஆனவங்க! நீங்களே சொல்லுங்க!"

நாரையார் தூக்கிய காலைக் கீழே வைத்தார். "சூரியன் இன்னும் இறங்கலை. அது ஒண்ணு. நத்தையைப் போட்டதும் அந்நியமா இருந்தா நன்றி சொல்லியிருக்கும். இந்தச் சத்தம் சொந்தக்காரி போடுற சத்தம். எழுந்திரு, வெள்ளையப்பா."

வெள்ளையப்பன் எழுந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மடைப்பக்கம் நீந்திப் போனது.

காத்தாயி சேற்றோடு தன் கோரையில் சாய்ந்தது. பிறகு ஒரு தவளை மெல்லத் தலையை நீட்டியது.

"அக்கா... அப்போ எந்த நாடுதான் நல்ல நாடு?"

"எல்லா நாடும் நல்ல நாடுதான்" என்றது காத்தாயி. "தூங்கவிடு, போ!"

கண்டு மகிழ ஆயிரம் நாடு இருக்கலாம், ஆனால் யாருக்கும் பயப்படாமல் வாய்விட்டுக் கோபப்பட நமக்கென்று இருப்பது ஒரே இடம், அதை எந்த ஆசைக்காகவும் பேரத்தில் வைக்கக்கூடாது.