மிதவை மேல் ஒரு வழக்கு

"மிதவை நகருது கோச்," என்றார் சிவசைலம்.

பெனிட்டா கடலைப் பார்த்தாள். அன்று காலை அவளே கொண்டுபோய் நங்கூரம் போட்ட ஆரஞ்சு மிதவை, போட்ட இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

"நான் நேராத்தான் நீந்துதேன். அதுதான் வெலகிப் போகுது. நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

"நங்கூரம் போட்டிருக்கு சார்."

"நங்கூரம் இழுபட்டிருக்கலாம்லா."

சிவசைலம் பாளையங்கோட்டையில் வழக்கறிஞர். அவர் தோற்ற வழக்குகள் உண்டு. மேல்முறையீடு செய்யாமல் விட்ட வழக்கு ஒன்றுகூடக் கிடையாது.

சீடருக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவுக்கு இருபத்தெட்டு. பெனிட்டா ஒரு காலத்தில் மாநில அளவில் நீந்தியவள். இப்போது தூத்துக்குடிக் கடற்கரையில் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். ஞாயிறு தவறாமல் சிவசைலம் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். மகள் வயசுப் பெண்ணிடம் பாடம் கேட்கிறோமே என்ற கூச்சம் அவருக்குத் துளியும் இல்லை. கேட்ட பாடத்தை ஒப்புக்கொள்வதில்தான் சிக்கல்.

அவர் ஆசைப்பட்டது டிரையத்லானுக்கு. முதலில் கடலில் நீந்த வேண்டும். கரையேறி சைக்கிள் மிதிக்க வேண்டும். சைக்கிளை வைத்துவிட்டு ஓட வேண்டும். ஓட்டத்தில் சிவசைலத்தை யாரும் குறை சொல்ல முடியாது. சைக்கிளில் ஏறிவிட்டாலோ, அவர் வயசுக்காரர்கள் அவர் முதுகைத்தான் பார்க்க முடியும்.

ஆனால் குறித்த நேரத்துக்குள் கடலை விட்டு ஏறாதவர்களுக்கு சைக்கிள் கிடையாது. போட்டி அவர்களுக்கு அதோடு சரி.

போன வருஷம் அவரைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து கரையில் இறக்கினார்கள். கூட்டம் கைதட்டியது. பாவம், இந்த வயசில் இவ்வளவாவது செய்தாரே என்ற கைதட்டல். அது அவரைச் சுட்டது. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த சைக்கிள் ஸ்டாண்டில் அப்படியே நின்றது. அதை உருட்டிக்கொண்டு கார் வரைக்கும் நடந்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. எந்த வழக்கில் தோற்றும் அவர் அழுததில்லை.

இந்த வருஷம் சைக்கிளில் ஏறியே ஆக வேண்டும். பதக்கம் கிதக்கம் எல்லாம் யாருக்கு வேண்டும்.

பெனிட்டா மிதவையைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. மணலில் தூரத்தில் நின்ற விளக்குக் கம்பத்தைக் காட்டினாள்.

"கண்ணை மூடிக்கிட்டு அதுவரைக்கும் நேரா நடங்க சார்."

"இதென்ன பெரிய வேலை?"

நடந்தார். நீதிபதி முன்னால் போய் நிற்கப் போகிறவரின் நடை. கொஞ்ச தூரத்தில் முழங்கால் எதிலோ இடித்தது. கண்ணைத் திறந்தால் சுக்குக் காப்பி விற்பவரின் தள்ளுவண்டி. கம்பம் வலது பக்கம் எங்கேயோ நின்றது. இடித்ததற்கு ஒரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கடக்காத்து தள்ளுது கோச். அதான் ஊருப் பக்கம் ஒதுக்கிட்டுது."

"அப்ப கம்பத்துல இருந்து இங்க வாங்க சார். கண்ணை மூடிக்கிட்டு."

கம்பத்துக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு, திரும்பி நடந்தார். இந்தத் தடவை காலில் தண்ணீர் பட்டது. காற்றை எதிர்த்து, கடலுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தார்.

கணுக்கால் தண்ணீரிலிருந்து கரைக்கு ஏறி வந்தார். பிறகு, தன்னிடம் இடப்பக்கமாக ஒரு இழுப்பு இருப்பதை ஒப்புக்கொள்வதாகவும், அதைச் சரிபண்ணித் தந்தால் போதும் என்றும் சொன்னார்.

"அது போகாது சார். எனக்கும் இருக்கு."

சிவசைலம் நம்பாமல் அவளைப் பார்த்தார். "உங்களுக்குமா?"

"எல்லாருக்கும் எதாவது ஒரு பக்கம் இருக்கும்."

"அப்ப எப்படித்தான் போய்ச் சேருதது?"

பெனிட்டா கழுத்தை நீட்டி, முகத்தைத் தூக்கி, எதிரே பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். அவ்வளவுதான் பதில்.

சிவசைலம் உடனே ஆட்சேபித்தார். நீந்தும்போது தலையைத் தூக்கினால் இடுப்பு தாழ்ந்துபோகும், வேகம் செத்துப்போகும், கழுத்து பிடித்துக்கொள்ளும், வாய்க்குள் உப்புத் தண்ணீர் போகும் என்று வரிசையாக எடுத்துவைத்தார். நாலும் உண்மை. பெனிட்டா ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். எதிர்த்தரப்பு இப்படி ஒத்துக்கொண்டே போனால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு புதுத் திட்டத்தோடு வந்தார்.

வாரம் முழுக்க யோசித்திருக்கிறார். முன்னால் நீந்துகிறவரின் காலை ஒட்டியே பின்னால் போனால் தண்ணீர் லேசாக இருக்கும், பாதி உழைப்பு மிச்சம். வழியையும் அவரே பார்த்துக்கொள்வார். நாம் தலையைத் தூக்கவே வேண்டாம். விதிகளை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டதாகவும், இதற்கு எங்கேயும் தடை இல்லை என்றும் சொன்னார்.

"இன்னிக்கு நீங்க முன்னால போங்க கோச். நான் பின்னாலயே வாரேன்."

"சரி சார்."

அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவருக்கு ஒரு வழக்கறிஞராகச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். கிளப்பவில்லை.

அந்த நீச்சல் அவருக்குச் சொர்க்கமாக இருந்தது. கண் முன்னால் இரண்டு பாதங்கள், அவற்றிலிருந்து எழும் நுரை. அதைத் தவிர உலகத்தில் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை. கை அதுபாட்டுக்கு வீசியது. மூச்சு அதுபாட்டுக்கு வந்தது. இத்தனை நாள் இது தெரியாமல் கஷ்டப்பட்டோமே என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு டீசல் நாற்றம் அடித்தது. அதன் பின்னாலேயே மீன் நாற்றம்.

பாதங்கள் நின்றன. தலையைத் தூக்கினார். எதிரே மீன்பிடித் துறைமுகத்தின் கல்சுவர். ஒரு விசைப்படகில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையில் வலையோடு அப்படியே அவரைப் பார்த்தார்கள். எந்த ஊருக்குப் போகணும் அண்ணாச்சி என்று ஒருவர் மரியாதையாகவே விசாரித்தார்.

"என்ன கோச், எங்கயோ கூட்டிட்டு வந்துட்டீங்க?"

"நான் கூப்பிடலையே சார்," என்றாள் பெனிட்டா. "எனக்கு இங்க ஒருத்தரைப் பாக்கணும், வந்தேன். நீங்க எதுக்கு வந்தீங்க?"

சிவசைலம் வாயைத் திறந்தார். ஒரு சின்ன அலை உள்ளே போனது. மூடிக்கொண்டார்.

நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பி நீந்தி வந்ததில் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிட்டது போல இருந்தது. கோபம் பெனிட்டா மேலா தன் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாளையங்கோட்டை வந்து சேரும்போது தன் மேல்தான் என்று தீர்ப்பாகிவிட்டது.

அதற்கடுத்த ஞாயிறு முதல் தலையைத் தூக்கினார். இடுப்பு தாழ்ந்தது, வேகம் குறைந்தது, கழுத்து பிடித்தது, உப்புத் தண்ணீரும் குடித்தார். தூக்கிய ஒவ்வொரு தடவையும் மிதவை வலது பக்கம் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. திருத்திக்கொண்டு நீந்தினார். மிதவை நகர்கிறது என்ற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

போட்டி அன்று வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்து இறங்கினார். சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டினார், டயரை அமுக்கிப் பார்த்தார், ஹெல்மெட்டைக் கைப்பிடியில் கவிழ்த்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று அதனிடம் சொல்லிவிட்டே கடலுக்குப் போனார்.

முதல் மிதவை வரைக்கும் சூரியன் கண்ணில் அடித்தது. சமாளித்தார். இரண்டாவது மிதவையைச் சுற்றிக் கரையைப் பார்த்துத் திரும்பியபோது ஒரு கூட்டம் அவரைக் கடந்து போனது. எல்லாரும் கைதேர்ந்தவர்கள் போலத்தான் தெரிந்தது.

பழைய ஆசை வந்தது. நல்ல கால்கள், லேசான தண்ணீர். நைசாக அந்தக் கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டார். உடம்புக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பழக்கதோஷத்தில் தலையைத் தூக்கினார்.

கரையேற வேண்டிய இடத்தில் கட்டியிருந்த ஆரஞ்சு வளைவு வலது பக்கம் இருந்தது. கூட்டம் இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஒரு நாட்டுப்படகு, மேலே ஆரஞ்சுத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. முன்னால் போனவர் தார்ப்பாயை வளைவு என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவர் காலைப் பார்த்தார்கள்.

இத்தனை பேரும் தப்பாகப் போவார்களா? இத்தனை சாட்சிகள் ஒரு பக்கம். மறு பக்கம் ஒரே ஒருவர், அவரும் கோணலாகப் போவதில் பேர்போனவர்.

இன்னொரு தடவை பார்த்தார். வளைவு வலது பக்கம்தான் இருந்தது.

கூட்டத்தை விட்டு விலகினார். அந்த நிமிஷமே தண்ணீர் கனத்தது. பக்கத்தில் ஒரு கை இல்லை, ஒரு கால் இல்லை. பயமாக இருந்தது. இதுவும் தப்பாகப் போனால் மறுபடி படகு, மறுபடி கைதட்டல்.

அப்போதுதான் யாரோ அவர் பாதத்தைத் தட்டினார்கள்.

சற்றுப் பொறுத்து மறுபடி ஒரு தட்டு. பிறகு இன்னொன்று. இவ்வளவு பெரிய கடலில் இந்த ஆளுக்கு என் கால்தானா கிடைத்தது என்று எரிச்சல் வந்தது. ஓங்கி ஒரு உதை விடலாமா என்றுகூடப் பார்த்தார்.

விடவில்லை. அந்த ஆள் எப்படி வந்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். குனிந்த தலை, கண்ணெதிரே இரண்டு பாதங்கள், நுரை. அந்தச் சொர்க்கத்தில் ஒரு தடவை இருந்தவர்தானே சிவசைலமும்.

அதற்குப் பிறகு தேவைக்கு மேலேயே தலையைத் தூக்கினார். கழுத்து எரிந்தது. பார்ப்பார், இடப்பக்கம் விலகியிருப்பார், திருத்துவார். மறுபடி விலகுவார். ஒவ்வொரு திருத்தலுக்கும் பின்னால் அந்தக் கையும் பாதத்தைத் தேடி வந்தது.

கையில் மணல் தட்டியது. எழுந்து நின்றார். வளைவின் கீழே கடிகாரத்தோடு நின்றவர், நேரம் இருக்கிறது, ஓடுங்கள் என்று கைகாட்டினார்.

ஓடினார். வேலிக்கு அந்தப் பக்கம் பெனிட்டா ஓடி வந்துகொண்டிருந்தாள். கடலில் கூட்டத்தைத் திருப்பிக்கொண்டுவர ஒரு படகு விசில் ஊதுவது கேட்டது.

ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் சைக்கிளில் கை வைக்கக் கூடாது. ஈர விரலுக்கு வார் மாட்டவே மாட்டேன் என்றது. ஒருவழியாக மாட்டியது. கைப்பிடியைப் பிடித்தார். கண் கலங்கிவிட்டது. கடல் தண்ணீர் என்று யாரிடமாவது சொல்லலாம். அவருக்குத் தெரியும், அது சந்தோஷம்.

அடுத்த ஸ்டாண்டுக்கு ஒருவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். தொப்பையும் தொங்கு மீசையுமாக, முப்பத்தைந்து வயசு இருக்கலாம். காலைத் தட்டியது தான்தான் என்றும், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். கடலில் நீந்துவது இதுதான் முதல் தடவையாம். கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தவர், ஒற்றை ஆளாக ஒருவர் திரும்பியதைப் பார்த்துக் கூடவே திரும்பியிருக்கிறார்.

"அவ்வளவு பேரும் அந்தப் பக்கம் போறப்ப நீங்க மட்டும் இந்தப் பக்கம் வந்தீங்களே அண்ணாச்சி," என்றார் அவர். "உங்களுக்கு மட்டும் எப்படி வழி தெரிஞ்சுது?"

வேலியோரம் பெனிட்டாவும் நின்றுவிட்டாள்.

சிவசைலத்திடம் கேட்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது. போன வருஷத்துச் சிவசைலமாக இருந்தால் அங்கேயே ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார். இவர் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்.

"எனக்கு எங்க தம்பி வழி தெரியும்?" என்றார். "அதான் பாத்துப் பாத்து வந்தேன்."