இருவாச்சிப் பொந்தில் ஒரு தவிட்டுக்குருவி

ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டே சொல்கிறேன், கேளுங்கள் பிள்ளைகளே. ஒவ்வொன்றாகப் பிதுக்கினால்தான் தோல் கழன்று பருப்பு வெளியே வரும். கை இதில் இருக்கட்டும், வாய் சும்மாதானே இருக்கிறது!

ஒரு காட்டுக் குளக்கரையில் ஏழு தவிட்டுக்குருவிகள் இருந்தன. ஏழும் ஒரே குடும்பம். விடிந்தால் ஆரம்பிக்கும் பேச்சு, பொழுது சாய்ந்தாலும் ஓயாது. சாயங்காலம் ஒரே கிளையில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்து, ஒன்றுக்கொன்று தலையில் பேன் எடுக்கும். தன் அலகு தன் தலைக்கு எட்டாதே! அடுத்தவர் அலகுதான் வேண்டும்.

இரை பொறுக்கும்போது மட்டும் ஒருத்தர் உயரமாக ஒரு கிளையில் உட்கார்ந்து காவல் பார்க்க வேண்டும். வல்லூறு வந்தால் கத்த வேண்டும். அந்த வேலை லொடுக்கனுடையது. அவன் பெண்டாட்டி மஞ்சக்கண்ணி. மகன் பொடிசு.

முதல் மழை பெய்தது. புற்றிலிருந்து ஈசல் புறப்பட்டது. காடே வாயைத் திறந்துகொண்டு வந்து நின்றது. லொடுக்கனுக்குப் புத்தி கோணலாகப் போயிற்று.

“வல்லூறு! வல்லூறு!” என்று கத்தினான்.

எல்லாரும் விழுந்தடித்து ஓடினார்கள். முயலக்கா முள்ளில் மாட்டிக் காதைக் கிழித்துக்கொண்டாள். தவிட்டுக்குருவிகள் ஏழும் இறங்கி வயிறு முட்டத் தின்றன. குளத்துக்கு நியாயம் சொல்கிற ஆமையார், பயத்தில் ஓட்டுக்குள் போனவர், சாயங்காலம்தான் தலையை நீட்டினார். ஈசல் இல்லை. இறக்கைதான் கிடந்தது.

மறுநாள் விசாரணை.

“பொய்க் கூச்சல் போட்டியா?”

“போட்டேன் சாமி. தப்புதான். முயலக்கா காதுக்கு நானே பச்சிலை வெச்சுக் கட்டுறேன்.”

“அது போதுங்க ஐயா! ஒரு மாசம் என் குட்டிங்களுக்கும் சேர்த்துக் காவல் பார்க்கட்டும்!” என்றாள் முயலக்கா.

“போதாது! என் ஈசல் போச்சே!” என்று கத்திய ஆமையார், இருமிக்கொண்டார். “அதாவது, நியாயம் போச்சே!”

பக்கத்தில் இருந்த ஓணான் தலையை ஆட்டியது. ஆமையாருக்குக் கணக்குப்பிள்ளை, காவல்காரன், எல்லாம் அதுதான். படிப்புக் கிடையாது. தலையாட்டத் தெரியும். வேறென்ன வேண்டும்!

“ஆலமரத்துல இருவாச்சிப் பறவை காலி பண்ணின பொந்து இருக்கு. இவனைத் தனியா உள்ளே போட்டு வாசலை மண்ணால பூசு. பழம் போட ஒரு கீறல் மட்டும் விடு. அடுத்த மழையில குளம் நிரம்புறவரைக்கும் யாரும் பேசக்கூடாது!”

மஞ்சக்கண்ணி பதறிப்போனாள். “தனியாவா? ஐயா, வேணும்னா எங்க ஏழு பேரையும் சேர்த்துப் போடுங்க!”

“தனியா இருக்கிறது ஒரு தண்டனையா? பொறந்ததுலேருந்து நான் தனியாத்தான் இருக்கேன். எங்கம்மா முட்டையை மண்ணுல போட்டவ, திரும்பிக்கூடப் பார்க்கல. நான் என்ன கெட்டா போயிட்டேன்?”

ஓணான்கூட ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் தலையை ஆட்டியது.

“அந்த இருவாச்சியம்மாவைப் பாரு. அதே பொந்துல மூணு மாசம் அடைஞ்சு கிடந்தா. குண்டா, குழந்தையோட வெளியே வந்தா!”

“வாசலை அவங்களே பூசிக்கிட்டாங்க ஐயா! அவங்க வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு இருபது தடவை பழம் கொண்டுவந்து வாய்க்கு வாய் ஊட்டினார். ஊட்டும்போது பேச்சு வேற!”

“பொந்து ஒண்ணுதானே? மண்ணு ஒண்ணுதானே? போ, போ!”

லொடுக்கனை அடைத்தார்கள்.

முதல் நாள் அவன் பாட்டுப் பாடினான். இரண்டாம் நாள் ஓணானைத் திட்டினான். ஓணான் திருப்பித் திட்டாதா என்று காத்திருந்தான். உத்தரவுப்படி அது வாயைத் திறக்கவில்லை. தினம் ஒரு அத்திப்பழத்தைக் கீறல் வழியே தள்ளிவிட்டுப் போனது.

ஐந்தாம் நாள் பழத்தில் ஒரு புழு இருந்தது. “வா மச்சான்!” என்றான் லொடுக்கன். மச்சானிடம் குடும்பக் கதை எல்லாம் சொன்னான். பொடிசு முதல்முதலாகப் பறந்து சாணியில் விழுந்ததைச் சொல்லிச் சிரித்தான். அதற்கு மூன்றாம் நாள் ஏதோ ஞாபகத்தில் மச்சானைத் தின்றுவிட்டான். அப்புறம் இரண்டு நாள் அழுதான்.

தலையில் பேன் கடித்தது. எடுக்க ஆள் இல்லை. மரத்தில் தலையைத் தேய்த்தான். தேய்த்துத் தேய்த்து மண்டை வழுக்கையாயிற்று. பேன் போய்விட்டது. அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

மஞ்சக்கண்ணி பார்க்கப் போனாள்.

“மனு எங்கே?” என்றது ஓணான். “ஆலிலையில ஆமையார் கால் முத்திரை வாங்கிட்டு வா. அமாவாசைக்கு ஒரு தடவை. பத்துக் கிளை தள்ளி நின்னு பார்க்கலாம். பேசக்கூடாது.”

முத்திரை வாங்கப் போனால் ஆமையார் தூக்கம். மறுநாள் அவர் விழித்திருந்தார், ஓணான் தூக்கம். மூன்றாம் நாள் எல்லாம் சரியாக இருந்தது. பத்துக் கிளை தள்ளி நின்று பார்த்தாள். கீறல் தெரிந்தது. உள்ளே இருட்டு தெரிந்தது. அவ்வளவுதான்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது! ஆறு பேரும் கிளையில் உட்காரும்போது நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அந்த இடைவெளியில் காற்று புகுந்து இரண்டு பக்கமும் நடுங்கியது.

“நெருங்கி உட்கார வேண்டியதுதானே?” என்று அணில் கேட்டது.

“அது அவர் இடம்” என்றாள் மஞ்சக்கண்ணி.

மைனாக் குஞ்சுகள் பொடிசைக் கேலி செய்தன. “உங்கப்பா எங்கடா?” “மரத்துக்குள்ள.” “அப்போ நீ மரவட்டைக்குப் பொறந்தவனா?” பொடிசு விளையாடப் போவதையே விட்டுவிட்டான்.

காவல் வேலையும் மஞ்சக்கண்ணி தலையில் விழுந்தது. அவள் கண் வானத்தில் நிற்கவில்லை, ஆலமரத்துக்கே போயிற்று. ஒரு நாள் நிஜமாகவே வல்லூறு வந்தது. அவள் கத்துவதற்குள் பொடிசின் வால் இறகு மூன்றைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. உயிர் பிழைத்ததே பெரிது.

இப்படி இருக்கும்போது, ஒரு காலையில் ஆமையார் குளத்துக் கரையில் ஏறினார். கால் வழுக்கியது. மல்லாக்க விழுந்தார். வயிறு வானத்தைப் பார்த்தது. நாலு காலும் காற்றில் நீந்தின.

“ஓணான்! திருப்பு!” என்றார்.

“மல்லாந்தாலும் லட்சணமா இருக்கீங்க ஐயா!” என்று தலையை ஆட்டிவிட்டு ஓணான் வெயில் காயப் போய்விட்டது.

வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. உச்சி வேளையில் ஆமையார் மேகத்தோடு பேசினார். மேகம் பதில் சொல்லவில்லை. அதற்கு மூன்று மாதத் தண்டனை விதித்தார். கொஞ்ச நேரத்தில் அதனிடமே மன்னிப்பும் கேட்டார்.

சாயங்காலம் இரை தேடி மஞ்சக்கண்ணி கூட்டம் அந்தப் பக்கம் வந்தது.

“ஐயா, தனியா சுகமா இருக்கீங்களா?”

“யாரும்மா அது? போயிடாதே! பேசு! ஏதாவது பேசு!”

“பேசக்கூடாதுன்னு உத்தரவு ஐயா.”

“எந்தக் கிறுக்கன் போட்ட உத்தரவு?”

“நீங்கதான்.”

ஆமையார் காற்றில் நீந்திக்கொண்டிருந்த காலை நிறுத்தினார்.

“அரை நாள்தான்மா ஆச்சு. என் குரலே எனக்குப் பயமா இருக்கு. உன் புருஷன் உள்ளே போய் எத்தனை நாள்?”

“நாப்பத்தி மூணு.”

“திறந்துடு! என்னைத் திருப்பாட்டியும் பரவாயில்ல, போய்த் திற!”

ஆனாலும் அவரை விட்டுப் போக மனசில்லாமல், உதவிக்கு ஆள் கேட்டு ஆறு பேரும் சேர்ந்து காடே அதிரக் கத்தினார்கள். “எவன்டா அது, தூங்க விடாம!” என்று காட்டுப்பன்றி ஓடிவந்தது. விஷயம் தெரிந்து, மூக்கால் ஒரு நெம்பு நெம்பி ஆமையாரைத் திருப்பிப் போட்டது.

ஆறு அலகும் மண்ணைக் கொத்தின. வாசல் திறந்தது. லொடுக்கன் வெளியே வரவில்லை. மஞ்சக்கண்ணி உள்ளே போய்த் தள்ளிக்கொண்டு வந்தாள். வழுக்கை மண்டை. வெளிச்சத்துக்குக் கண் கூசியது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேச, அவன் இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு தத்தித் தத்திப் போய்ப் பத்துக் கிளை தள்ளி உட்கார்ந்தான்.

மூக்கில் சேறு காயாமலே ஆமையார் வந்தார். “வெளியே விட்டாச்சே! அப்புறம் ஏன் பேச மாட்டேங்கிறான்?”

“பொந்து ஒண்ணு, மண்ணு ஒண்ணுன்னு சொன்னீங்களே ஐயா. அந்தப் பொந்தையே கேட்டுப் பாருங்க” என்றாள் மஞ்சக்கண்ணி. ஆமையார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தினமும் அந்த இடைவெளியை விட்டே உட்கார்ந்தார்கள். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பேச்சைக்கூட மெதுவாகப் பேசினார்கள். தவிட்டுக்குருவிக்கு அதைவிடக் கஷ்டம் உண்டா! தினம் ஒரு கிளை, ஒரு கிளையாக லொடுக்கன் நெருங்கி வந்தான். பதினோராம் நாள் நடுவில் வந்து உட்கார்ந்தான்.

லொடுக்கன் மெல்லத் தலையைக் குனிந்து மஞ்சக்கண்ணிப் பக்கம் நீட்டினான்.

“பேன் கடிக்குது” என்றான்.

அந்த வழுக்கையில் ஒரு பேன்கூட இல்லை. மஞ்சக்கண்ணி இருட்டும்வரை தேடித் தேடி எடுத்தாள்.

அதன் பிறகு சாப்பிட்டான், கொஞ்சம் பேசினான். காவல் கிளையில் மட்டும் கடைசிவரை ஏறவே இல்லை. அங்கே தனியாக உட்கார வேண்டுமே! காட்டிலேயே கூர்மையான கண் அவனுடையது. அது போனது முயலக்காவுக்கும்தான் நஷ்டம்.

ஆகவே பிள்ளைகளே, தப்புக்குத் தண்டனை கொடு, வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் ஒருவனைத் தனியே போட்டு அடைத்தால் அவன் வீட்டையும் சேர்த்து அடைத்ததாகும், பிறகு வாசலைத் திறந்தாலும் அவன் முழுசாக வெளியே வருவதில்லை, ஏனென்றால்...

“தவமணி! ஜெயிலுக்குப் போற பஸ் வந்துடுச்சு! மனு குடுக்க நேரமாச்சுன்னா உன் அண்ணனைப் பார்க்க விடமாட்டாங்கடி!”

இதோ வந்துட்டேன் அண்ணி, இந்த மொச்சையை மட்டும் மூடி வெச்சுட்டு...