பனை ஏறிய துமி

அந்தக் காலத்தில், மரத்தோடு தண்ணீர் பேசிய காலத்தில், தண்ணீருக்கு ஒட்டும் தெரியாது, உறவும் தெரியாது. ஒவ்வொரு திவலையும் தனி ஆள். "தொடாதே, தள்ளி நில்" என்பதுதான் அவர்கள் வழக்கம். மழை பெய்தால் மாவு சலித்ததுபோல் உதிரும், காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அப்படியொரு வீம்பு.

தேரியில், அந்தச் செம்மணல் மேட்டில், நின்ற ஒரு பனைக்குக் கோடையில் குருத்து வாடத் தொடங்கியது. மற்ற மரங்களுக்கு ஒரு கிளை காய்ந்தால் இன்னொன்று துளிர்க்கும். பனைக்குக் குருத்து ஒன்றுதான். அது கருகினால் மரமே போச்சு.

"தாயே, யாராவது உச்சிவரை வாருங்கள். என் உடம்புக்குள் மயிரிழை போல வழி இருக்கிறது" என்று பனை வேரடித் திவலைகளிடம் கெஞ்சியது.

பாவம், வராமல் இல்லை. ஒவ்வொருத்தியாக ஏறினார்கள், முழ உயரத்தில் வழுக்கி விழுந்தார்கள். பக்கத்தில் இருந்தவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தொடக்கூடாதே.

துமி என்றொரு சின்னத் திவலை ஏறிக்கொண்டிருந்தபோது, அவளுக்குக் கீழே ஏறி வந்த அக்காவுக்குக் கால் நழுவியது. துமி ஒரு கையால் பனையின் நாரைப் பற்றிக்கொண்டு, மறு கையால் அக்காவைப் பிடித்துவிட்டாள்.

"விடுடி, நம்மவர்கள் என்ன சொல்வார்கள்?"

"சொல்லட்டும். நீ ஏறு."

அதைப் பார்த்து அடுத்தவள் அக்காவின் கையைப் பிடித்தாள். அவள் கையை இன்னொருத்தி. துமி முன்னால் ஏற ஏற, இப்படியே சரம் நீண்டு உச்சியைத் தொட்டது. குருத்து நிமிர்ந்தது.

ஆனால் அங்கே சூரியன் காத்திருந்தான். "உச்சிக்கு வந்தவள் என்னோடு வரவேண்டும். கையை விடு" என்றான்.

சும்மா விட்டால் அத்தனை பேரும் கீழே விழுவார்கள். துமி மூச்சைப் பிடித்து அக்காவைத் தன் இடத்துக்கு இழுத்தாள். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

"மழையில் திரும்பி வருவேன், அக்கா. கண்டால் பிடித்துக்கொள்."

"அந்தக் கூட்டத்தில் உன்னை எப்படியடி அடையாளம் காண்பேன்?"

"தெரியாவிட்டால் என்ன? யாராக இருந்தாலும் பிடித்துக்கொள்."

துமி ஆவியாகிப் போனாள். பிறகு அக்காவின் முறை வந்தது. அவளும் அடுத்தவளை மேலே இழுத்து வைத்துவிட்டு, அதையே சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று முதல்தான், இலைமேல் இரண்டு துளிகள் நெருங்கினால் யார் எவர் என்று கேட்காமல் தாவி ஒன்றாகிவிடுகின்றன.