சன்னவாசலில் அகப்பட்டவள்

ஞானக் கதைகளில் குருவைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் மெலிந்தவர்கள். விலா எலும்புகளை எண்ணலாம். கண்ணில் மட்டும் சுடர் இருக்கும். பருத்த பெண் ஒருத்தி தப்பித்தவறி அக்கதைக்குள் நுழைந்துவிட்டால் அவளை அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்கள். இல்லையேல் பிறர் சிரிப்பதற்கென்று ஓரத்தில் உட்கார்த்திவைப்பார்கள். துறவுக்கும் தொப்பைக்கும் ஆகாது என்று கதை எழுதியவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். எழுதியவர்களின் தொப்பையைப் பற்றி எவரும் கேட்டதில்லை.

இது அந்தப் பருத்தவளின் கதை. பெயர் பிரமநாயகி. தபால் அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகள் முத்திரை குத்திவிட்டு, நாற்பதாம் வயதில் மடத்துக்கு வந்தவள். மடத்தில் எல்லோருக்கும் பிரமு.

அவளுடைய குரு உலகம்மை அவளைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் மடத்து முறைப்படி பிரமு அவரை ‘அம்மை’ என்பாள். அவர் அவளை ‘நீ’ என்பார்.

மடத்துக்குப் பின்னால் நானூற்றுப் பதினெட்டுப் படி ஏறினால் மலைப்பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும். அந்தப் பிளவுக்குச் சன்னவாசல் என்று பெயர். பத்தடி நீளம். பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். அப்பால் ஒரு சுனை உண்டு. மாசி மகத்தன்று உச்சிப்பொழுதில், வெயில் செங்குத்தாகப் பிளவுக்குள் இறங்கும் வேளையில், குரு முதலில் நுழைந்து சுனையோரம் அமர்வார். தாண்டி வருகிறவருக்கு ஒரு வாய் சுனைநீர் வார்த்து, காதில் ஒரு சொல் சொல்வார். அதுவே தீட்சை. தாண்டாதவர்கள் எத்தனை ஆண்டு இருந்தாலும் விருந்தாளிகள்தாம்.

பிரமு பதினோரு ஆண்டுகளாக விருந்தாளி.

அந்த ஆண்டு ஆவணியில் உலகம்மை ஒரு செய்தி சொன்னார். வருகிற மகம் முடிந்ததும் அவர் மௌனம் பூணுகிறார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பேச்சில்லை; தீட்சையும் இல்லை.

அன்றே பிரமு பாறைப் பிளவின் அகலத்தை ஒரு குச்சியில் அளந்து வந்து, நந்தவனத்தில் அதே இடைவெளியில் இரண்டு மூங்கில் முளைகளை நட்டாள். முளைகளுக்கு நடுவே நுழைய முயன்றாள். இரண்டு விரற்கடை இடித்தது.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். பிரமு கொள்ளுக்கஞ்சி குடித்தாள். வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், உப்பில்லாத ஒரு வேளைச் சோறு. நாளுக்கு இரண்டு முறை நானூற்றுப் பதினெட்டுப் படிகளையும் ஏறி இறங்கினாள். உழைப்பில் பொய் இல்லை. பலன்தான் பொய் சொன்னது. காலையில் அரை விரல் குறைந்திருப்பாள். மாலையில் கால் வீங்கி, கை வீங்கி, குறைந்ததெல்லாம் வட்டியோடு திரும்பியிருக்கும். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். அது மெல்ல நிறைவதைப் பார்க்கச் சகிக்காமல் சேலையை இழுத்து மூடிக்கொள்வாள்.

ஆவுடையப்பன் என்றொரு சீடன் இருந்தான். முருங்கைக்காய் உடம்பு. பந்தியில் மூன்று முறை சோறு வாங்குவான். சன்னவாசலைத் தெருவைக் கடப்பதுபோல் கடந்தவன்.

“பிரமக்கா, காத்தத் தின்னாக்கூட ஒங்களுக்கு ஒட்டிக்கிடும் போலிருக்கே” என்றான்.

“நீ திங்கிறதெல்லாம் எங்கடா போகுதுன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். என் பேருக்குத் தபால்ல அனுப்பிட்டியோ?”

சிரித்தாள். சிரித்துவிட்டுச் செடிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மகத்துக்கு மூன்று நாள் முன்பு, விடியற்காலையில், மார்பில் இருந்த மூச்சு முழுவதையும் வெளியேற்றிவிட்டு முளைகளுக்கு நடுவே திரும்பினாள். மூங்கில் இருபுறமும் உரசியது. மறுகணம் அப்பால் நின்றாள்.

மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் ஒரு முடிவு செய்தாள்: மகம் வரைக்கும் தண்ணீர் குடிப்பதில்லை. உள்ளே விட்டால்தானே கோத்துக்கொள்ளும்?

மகத்தன்று உச்சியில் வரிசையில் அவள் கடைசி. நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. படியேறியதில் கைகள் மினுமினுவென்று வீங்கியிருந்தன. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராய்த் தாண்டி, தீட்சை பெற்று, அதே வழியாகத் திரும்பி வந்தார்கள். அப்பால் சுனைக்குப் பின்னே செங்குத்துச் சரிவு; வேறு வழி கிடையாது.

பிரமு மூச்சை வெளியேற்றினாள். பக்கவாட்டில் நுழைந்தாள். ஓரடி. மூன்றடி. ஐந்தடி.

முளைக்கு நீளம் இல்லை. பாறைக்கு இருந்தது.

பாதி வழியில் நுரையீரல் தன் பங்கைக் கேட்டது. அவள் மறுத்தாள். அது கேட்காமலே எடுத்துக்கொண்டது. மார்பு விரிந்தது, முன்னும் பின்னும் பாறை அதைப் பற்றிக்கொண்டது. முன்னே போக முடியவில்லை. பின்னே வரவும் முடியவில்லை.

“மாட்டிக்கிட்டாங்க” என்று வெளியே யாரோ கத்தினார்கள்.

“நல்லெண்ணெய் கொண்டா!” இது ஆவுடையப்பன். “தோளப் பிடிச்சு இழுங்கப்பா!”

“யாரும் தொடாதீங்க” என்ற குரல் உள்ளிருந்து வந்தது.

சுனைப்பக்கமிருந்து உலகம்மை பிளவுக்குள் வந்துகொண்டிருந்தார். பிரமு நீட்டியிருந்த இடக்கையின் அருகில் வந்து நின்றார். இருவருடைய முகத்துக்கும் நடுவே ஒரு முழம்.

“மூச்ச வாங்கு” என்றார்.

“வாங்குனா அகப்பட்டுக்கிடுவேன், அம்மை.”

“அகப்பட்டுத்தான் இருக்க. வாங்கு.”

வாங்கினாள். பாறை இறுக்கியது. ஆனால் நசுக்கவில்லை. சிறிய மூச்சுக்கு இடம் இருந்தது. இன்னொரு சிறிய மூச்சுக்கும் இருந்தது.

“தண்ணி குடிச்சு எத்தன நாளாச்சு?”

“மூணு.”

உலகம்மை திட்டவில்லை. பிரமுவின் கையைப் பற்றி, புறங்கையில் தம் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். குழி விழுந்திருந்தது.

பிரமு முகத்தைத் திருப்பிக்கொள்ள முயன்றாள். பாறை விடவில்லை.

“பாரு” என்றார் உலகம்மை.

வேறு வழியின்றிப் பார்த்தாள். மேலிருந்து வெயில் நேராக இறங்கி அந்தக் கையின்மேல் விழுந்தது. குழியின் விளிம்பு மிக மெல்ல இளகியது. அடியிலிருந்து ஏதோ ஊறி வந்தது. ஓசை இல்லை. அவசரம் இல்லை. குழி ஆழம் குறைந்து, ஆழம் குறைந்து, நிழலாகி, இல்லாமல் போனது.

“யார் நெரப்புனது?”

“நான் இல்ல.”

“நிறுத்திப் பாக்குறியா?”

“முடியாது, அம்மை.”

உலகம்மை மறுபடி அழுத்தினார். மறுபடி நிறைந்தது. இம்முறை பிரமு கண்ணிமைக்கவில்லை. பதினோரு ஆண்டுகளாக அவள் ஏசிய உடம்பு, பாறைக்கு நடுவே, நாவறண்டு, அச்சத்தில் நடுங்கிக்கொண்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இதயம் பாறையில் மோதுவது அவளுக்குக் கேட்டது. அதையும் அவள் செய்யவில்லை.

அப்போதுதான் கன்னத்தில் ஈரத்தை உணர்ந்தாள். பாறை கசிந்துகொண்டிருந்தது. பங்குனி பிறக்கப் பத்து நாள்கூட இல்லை. ஊர்க் கிணறுகள் வற்றிவிட்டன.

“இது எங்கேருந்து வருது, அம்மை?”

“கார்த்திகையில பெஞ்சது.”

“இன்னுமா வச்சிருக்கு?”

“வச்சிருக்கு.”

“எதுக்கு?”

“கேட்டுப் பாத்திருக்கேன். சொன்னதில்ல.”

பிரமு வாய் திறந்தபடி நின்றாள். பிறகு உலகம்மை சுனைக்குத் திரும்பிப் போய், ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு வந்தார். கை நீட்டி அவள் உதட்டில் வைத்தார். பிரமு குடித்தாள். முழுவதையும் குடித்தாள். உலகம்மை இன்னும் ஓரடி நெருங்கி, அவள் காதில் சொல்லவேண்டியதைச் சொன்னார்.

“இப்ப மூச்ச விடு. வந்த வழியே போ.”

மூச்சு விடும்போதெல்லாம் ஓரடி நகர்ந்தாள். தோலில் சிராய்ப்போடு வெளியே வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் உலகம்மை வந்தார், கையில் காலிக் கொட்டாங்கச்சியோடு.

ஆவுடையப்பனால் பொறுக்க முடியவில்லை. “அம்மை, தீட்சை குடுத்துட்டீங்களா? பிரமக்கா தாண்டலையே!”

“அவ தாண்டல” என்றார் உலகம்மை. “தண்ணி தாண்டியிருக்கு.”

ஆவுடையப்பன் கொட்டாங்கச்சியைப் பார்த்தான்.

பிரமு கேட்டாள்: “இந்த ஒடம்ப நான் என்ன செய்யட்டும், அம்மை?”

“காலைல மொத பஸ்ஸப் பிடிச்சு டாக்டர்கிட்ட போ. வீக்கத்தக் காட்டு. அவங்க கேக்குறதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லு. போகும்போது தண்ணி எடுத்துக்கிட்டுப் போ.”

“எளச்சிருவேனா?”

“எனக்கென்ன தெரியும்? பதினோரு வருசமா அதத் தொரத்திக்கிட்டே இருந்த. இன்னைக்குத்தான் கூட நின்னுருக்க.”

அன்று பொழுது சாயுமுன் உலகம்மை மௌனம் பூண்டார். மௌனத்துக்கு முன் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

டாக்டர் சோதித்ததில் பிரமநாயகிக்குத் தைராய்டு குறைபாடு இருப்பது தெரிந்தது. அன்றுமுதல் நாள்தோறும் விடியற்காலையில் ஒரு மாத்திரை விழுங்கினாள். வீக்கம் பெருமளவு வடிந்தது. எடை நான்கு கிலோ குறைந்தது, அதற்குமேல் குறையவில்லை. மூங்கில் முளைகளை அவள் பிடுங்கவில்லை. அவற்றில் அவரைக்கொடி ஏற்றிவிட்டாள். சன்னவாசலுக்குள் மறுபடி அவள் நுழையவேயில்லை. மகந்தோறும் பிளவின் இந்தப் பக்கம் ஒரு குடம் தண்ணீரோடு நின்றாள். எழுபத்து மூன்றாம் வயதில், பருமனாகவே, உறக்கத்தில் இறந்தாள். பாடையை ஆறு பேர் தூக்கினார்கள், முன்வரிசையில் ஆவுடையப்பன்.