கொழும்புக்குப் போகாத பெட்டி

“அவன் பை மட்டும் எப்படி டீச்சர் அவ்வளவு சின்னதா இருக்கு?”

கேட்கும்போதே வேதமணிக்கு மூச்சு வாங்கியது. நாகர்கோவிலில் எலக்ட்ரானிக் இசை சொல்லித்தரும் பிளாரன்ஸ் டீச்சரின் மாடி வீட்டுக்குத் தன் பெட்டியைப் படிக்குப் படி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். வயசில் டீச்சரைவிட மூத்தவர். ஆனாலும் சிஷ்யர்தான். டீச்சர் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

அவன் என்றது ஞானரூபனை. அவனும் டீச்சரின் சிஷ்யன். கொழும்பில் ஒரு மேடையில் வாசிக்க மூன்று பேரும் அன்றைக்கே விமானம் ஏற வேண்டும். ஞானரூபன் ஒரே ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, கீழே வேனில் உட்கார்ந்து பழபஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

அதைப் பார்த்ததுமே வேதமணிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? போன மாதம் மார்த்தாண்டம் கல்யாணத்தில் கைதட்டு பூராவும் அவனுக்குத்தான். பெண்ணின் அப்பா தேடி வந்து கட்டிப்பிடித்ததும் அவனைத்தான். பக்கத்திலேயே நின்ற வேதமணியிடம், “அண்ணே, அந்த வயரைக் கொஞ்சம் ஓரமாப் போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த மனுஷர்.

டீச்சர் பெட்டியைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள்.

“நாப்பத்தொண்ணு. முப்பதுக்கு மேல ஏத்த மாட்டாங்க அண்ணே.”

“அப்ப நான் வரலியா?” வேதமணியின் குரல் உடைந்துவிட்டது. “அவன் மட்டும் போய் வாசிச்சிட்டு வந்து ஊரெல்லாம் பீத்திக்குவான். என்னால தாங்க முடியாது டீச்சர்.”

டீச்சர் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். ஸ்பாஞ்சுக்கு நடுவிலிருந்து ஒரு டிரம் மெஷினை எடுத்தார்.

“இது எதுக்கு?”

“அவன்கிட்ட இருக்கே.”

இடது பக்கம் வைத்தார். அடுத்து, பெரிய சின்தசைசர்.

“இது?”

“இது அவன்கிட்ட இல்லை!” சொல்லும்போதே வேதமணியின் முகம் மலர்ந்தது.

வலது பக்கம் வைத்தார்.

“வாசிச்சதையே திரும்பத் திரும்ப ஓட்டுற இந்த லூப்பர்?”

“வாங்கப் போறதா அவன் சொல்லிட்டிருந்தான். நான் முந்திக்கிட்டேன்.”

டீச்சர் கொஞ்சம் யோசித்து அதையும் வலது பக்கமே வைத்தார். அவனிடமும் இருக்கிற கேபிள் கட்டு இடது பக்கம் போயிற்று. மிக்சரும் மைக்கும் அதன் பின்னாலேயே போயின. கடைசியில், பெட்டியின் மூலையில் துண்டில் பத்திரமாகச் சுற்றி ஒரு அடாப்டர் இருந்தது.

டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது உங்க மெஷின் எதுக்கும் சேராதே அண்ணே?”

“சேராது. அவனோடதுக்குத்தான் சேரும்.”

“அப்புறம்?”

வேதமணி தலையைச் சொறிந்தார்.

“ஒருவேளை அவன் மறந்துட்டு வந்தான்னா என்கிட்டதானே கேட்பான்? அப்ப, கையில வச்சுக்கிட்டே இல்லைன்னு சொல்லலாம்ல.”

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, காலிப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

“உங்களுக்கு வேண்டியதை அடுக்குங்க.”

வேதமணி டிரம் மெஷினை எடுத்தார். கீழே வைத்தார். சின்தசைசரில் கை வைத்தார். அதையும் எடுக்கவில்லை. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார்.

“சீக்கிரம் அண்ணே.”

ஒத்திகை முழுக்கப் பாட்டைக் கவனிக்காமல் ஞானரூபனின் விரல்களையே முறைத்துக்கொண்டிருந்த மனுஷர் அவர். இப்போது முகம் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. டீச்சர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

“டீச்சர்...”

“சொல்லுங்க.”

“கொழும்புல நாம என்ன வாசிக்கப் போறோம்?”

டீச்சர் காலிப் பெட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டு, எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

“டிரைவர் அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. வேதமணி அண்ணனும் வாசிக்க வர்றாரு!”