வெள்ளிங்கிரியின் காரில் மாறிய தகடு

மார்கழிக் கடைசி ஞாயிறு, காலை ஏழு மணி. கோயம்புத்தூரில் பழைய கார்களின் அணிவகுப்பு புறப்படவிருந்தது. கல்யாண ஊர்வலங்களுக்குத் தம் பழைய காரை வாடகைக்கு ஓட்டும் வெள்ளிங்கிரியை, விழாச் செலவை ஏற்றிருந்த ஷோரூம் முதலாளி தண்டபாணி வழிமறித்தார்.

“பின்னால இருக்கிற அந்தப் பழைய டீலர் தகட்டைக் கழட்டுங்க. என் ஷோரூம் தகடு இல்லாத வண்டி கிளம்பாது.”

அணிவகுப்பில் ஊரார் கண்ணில் பட்டால்தான் தை மாதக் கல்யாணங்கள் கிடைக்கும். வெள்ளிங்கிரி பணிவாகவே கேட்டார்: “மாட்டிக்கறனுங்க. அந்த டீலரு, தன் பேர் போட்ட வண்டி எங்க நின்னாலும் தானே சரிபண்ணிக் குடுப்பாருங்க. நீங்களும் அப்படித்தானுங்களே?”

சுற்றிலும் கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. “அதிலென்ன சந்தேகம்? என் பேர் இருந்தா என் பொறுப்பு” என்றார் தண்டபாணி.

வெள்ளிங்கிரியின் ரேடியேட்டர் நெடுநாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. அணிவகுப்பு தண்டபாணியின் ஷோரூமைக் கடக்கையில், வாசலிலேயே புதுத் தகடு மாட்டிய கார் ஆவி கக்கி நின்றது. புதுக் கார் வாங்க வந்திருந்த ஒரு குடும்பம் தகட்டைப் படித்தது.

“இதுவும் நீங்க வித்ததுங்களா?” என்றார் குடும்பத் தலைவர், அங்கே வந்து நின்ற தண்டபாணியிடம்.

தண்டபாணி தாமே குனிந்து தம் தகட்டைக் கழற்றினார்.

“கழட்டுங்க, பரவால்லீங்க. பொறுப்பை மட்டும் விட்டுட்டுப் போங்க” என்றார் வெள்ளிங்கிரி. குடும்பமே சிரித்துவிட்டது.

புது ரேடியேட்டருக்குத் தண்டபாணி மறுநாளே பணம் கட்டினார். மகள் கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளிங்கிரியின் காரைப் பேசி, அந்தக் குடும்பம் தை முதல் தேதியில் முன்பணம் தந்தது. பழைய தகட்டைத் திரும்பப் பொருத்திய திருகாணிகளுக்கு மட்டும் வெள்ளிங்கிரி அணிவகுப்பு நாளன்றே தம் கைக்காசைக் கொடுத்திருந்தார்.